பூட்டிய அலமாரியும் பேசாத மகளும்

கேள்வி: என் மூத்த மகளுக்கு 14 வயது. சின்ன வயதில் ஒல்லியாகத்தான் இருந்தாள். கடந்த ஒன்றரை ஆண்டில் 11 கிலோ கூடிவிட்டாள். எங்களோடு உட்காரும்போது கொஞ்சமாகக் கொறித்துவிட்டு எழுந்துவிடுகிறாள். நாங்கள் பார்க்காத நேரத்தில் தின்று தீர்க்கிறாள். போன மாதம் அவள் அறையைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய பென்சில் பெட்டியில் பிஸ்கட், சாக்லேட் உறைகள் இருபதுக்கும் மேல் இருந்தன. ஒவ்வொன்றையும் சின்னச் சதுரமாக மடித்து அடுக்கி வைத்திருந்தாள். அன்றிலிருந்து தின்பண்ட அலமாரியைப் பூட்டி, சாவியை நானே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் எடை பார்க்கிறோம். அவள் அப்பா ‘குண்டு’ என்று செல்லமாகத்தான் கூப்பிடுவார். இப்போது அதற்கும் அழுகிறாள். சின்னவள் ஒல்லி என்பதால் அவளுக்குக் கேட்டதைக் கொடுக்கிறோம், அதற்கும் சண்டை. பள்ளி மாற்றிய பிறகு இவளுக்குத் தோழிகள் என்று யாரும் இல்லை. நானும் அந்த வயதில் குண்டாக இருந்து கேலிப்பட்டவள். அந்த வேதனை இவளுக்கு வரக்கூடாது என்றுதான் இவ்வளவும் செய்கிறேன். இவள் வாயைக் கட்ட என்ன வழி? உங்கள் பதிலை அவளிடம் படித்துக் காட்டலாமா?

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் என் மனம் அந்தப் பென்சில் பெட்டியிலேயே போய் நின்றது.

வெறும் ருசிக்காகத் தின்கிற பிள்ளை உறையைக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டுப் போய்விடும். உங்கள் மகள் அதை மடித்திருக்கிறாள். ஓரம் ஓரமாகத் தேய்த்து, சதுரமாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடி வைத்திருக்கிறாள். குப்பைக் கூடையில் போட்டால் நீங்கள் பார்ப்பீர்கள். பள்ளிப் பையில் வைத்தால் யாராவது கிளறுவார்கள். வீட்டில் அந்த உறைகளைப் போட அவளுக்கு வேறு இடமே இல்லாமல் போயிருக்கிறது. ஒரு குழந்தை இப்படி மாதக்கணக்கில் ஒன்றைத் தனியாகச் சுமந்திருக்கிறாள் என்பதுதான் என்னைக் கலங்க வைத்தது. எடையைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவள் வீட்டிலும் பூட்டு, அவள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை எடை. நாலாவது சந்திப்பில்தான் வாயைத் திறந்தாள். “போர்வைக்குள்ள வெச்சுத்தான் பாக்கெட்டப் பிரிப்பேன். சத்தம் வராம கொஞ்சம் கொஞ்சமா பிரிக்கணும். பிஸ்கட்டக் கடிக்க மாட்டேன், நொறுங்குற சத்தம் அம்மாவுக்குக் கேட்டுடும். நாக்குல வெச்சு ஊற விடுவேன். கூழாயிடும். அப்படியே முழுங்கிடுவேன்.” ருசியாக இருக்குமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். “முதல் ஒண்ணு மட்டும்” என்றாள்.

மீதியெல்லாம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். வகுப்பில் ஒருத்தி அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தாள். அதை வீட்டில் சொன்னால், “அதான் நாங்களும் சொல்றோம், கொஞ்சம் குறைச்சுக்கோன்னு” என்ற பதில்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை.

சொல்ல வந்ததைச் சொல்லாமல் தயங்குகிறவரை ‘மென்று விழுங்குகிறார்’ என்கிறோம். அழுகையை விழுங்குகிறோம், அவமானத்தை விழுங்குகிறோம், கோபத்தையும் விழுங்குகிறோம். என்னிடம் வரும் பெண் பிள்ளைகளில் பலருக்கு இது வெறும் சொல்வழக்கு இல்லை. நிஜமாகவே அதைத்தான் செய்கிறார்கள். வாயைக் கட்ட வழி கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகள் தன் வாயை ஏற்கெனவே கட்டிக்கொண்டுவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பேச்சு வெளியே வராத வாய் வழியாகச் சாப்பாடு உள்ளே போகிறது. நாம் அவிழ்க்க வேண்டியது அந்தக் கட்டைத்தான்.

இதில் உடம்பின் பங்கும் இருக்கிறது. திடீரென்று பயமோ கோபமோ வந்தால் பசி அடங்கிவிடும். ஆனால் மன அழுத்தம் நாள்கணக்கில் நீடித்தால் கார்டிசால் என்ற சுரப்பு கூடி, பசியையும் தூண்டும், குறிப்பாக இனிப்பையும் கொழுப்பையும் நாட வைக்கும். அவை நாக்கில் பட்டதும் மூளைக்கு உண்மையாகவே ஓர் ஆறுதல் கிடைக்கிறது. சில நிமிட ஆறுதல்தான். அது வடிந்ததும் ‘மறுபடியும் தின்றுவிட்டேனே’ என்ற வெட்கம் வருகிறது. அந்த வெட்கத்தைத் தாங்குவதற்கும் அவளிடம் இருப்பது அதே பிஸ்கட்தான். இப்படிச் சில மாதம் போனால் மூளை வழியைப் பழகிவிடுகிறது: மனசு கனத்தால் அலமாரிப் பக்கம் போ என்று. இதை மனக்கட்டுப்பாடு இல்லாதது, பேராசை என்றெல்லாம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 14 வயதில், புதுப் பள்ளியில், தோழி ஒருத்தியும் இல்லாத பிள்ளைக்குக் கையெட்டும் தூரத்தில் கிடைத்த ஒரே மருந்து அது. மருந்து சரியில்லை என்பது உண்மைதான். ஆனால் வேறொன்றைக் கையில் கொடுக்காமல் இருப்பதையும் பிடுங்கினால் என்ன ஆகும்?

சரி, எடைக்கு வருகிறேன். 11 கிலோ கூடினாள் என்று எழுதிய நீங்கள், எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தாள் என்று எழுதவில்லை. மாதவிடாய் எப்போது தொடங்கியது என்றும் எழுதவில்லை. இந்த இரண்டும் தெரியாமல் 11 என்ற எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. பருவ வயதில், வளர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது ஒரு பெண் பிள்ளைக்கு ஒரே ஆண்டில் 8 கிலோ வரை கூடுவது இயல்பான வளர்ச்சிக்கு உட்பட்டதுதான். இடுப்பும் தொடையும் அகல்வதும், உடம்பில் கொழுப்பின் பங்கு கூடுவதும் அந்த வயதில் நடந்தே ஆக வேண்டிய வேலைகள். கொழுப்புச் செல்களிலிருந்து வரும் லெப்டின் என்ற சுரப்பு, உடம்பில் போதுமான சேமிப்பு இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. பூப்பு சரியாக நடக்க அந்தச் செய்தியும் வேண்டும். பல பிள்ளைகள் முதலில் அகலமாகி, பிறகு உயர்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் ‘என்ன இப்படி ஊதிட்டா’ என்கிறார்கள்.

ஆகவே உங்கள் மகளின் 11 கிலோவில் ஒரு பகுதி, ஒருவேளை பெரும்பகுதியே, அவள் பெண்ணாக வளர்வதன் கணக்காக இருக்கலாம். பெரியவர்களுக்கான பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று பார்க்கும் கணக்கு) அட்டவணையை இணையத்தில் எடுத்து அவளுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். 5 முதல் 19 வயது வரையானவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம் தனியாக இருக்கிறது. வயது, பாலினம், உயரம் எல்லாவற்றையும் சேர்த்து அதில்தான் பார்க்க வேண்டும். குழந்தை நல மருத்துவர் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார். அப்படியே மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கழுத்துப் பின்புறமோ அக்குளோ கருத்துத் தடித்திருக்கிறதா, முகத்தில் முடியோ பருவோ அதிகமாக இருக்கிறதா, தைராய்டு எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துவிடட்டும். ஏதாவது மருந்து தொடர்ந்து சாப்பிடுகிறாள் என்றால் அதையும் சொல்லுங்கள். சில மருந்துகளே எடையைக் கூட்டும். மருத்துவரிடம் போகும் முன் ஒரு வேண்டுகோள்: அவள் முன்னால் அவள் எடையைப் பற்றிப் புலம்ப வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டு போங்கள். முடிந்தால் கொஞ்ச நேரம் அவளை மருத்துவரிடம் தனியாகப் பேச விடுங்கள்.

இப்போது அந்தப் பூட்டு. கேட்பதற்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அதை இன்றே எடுத்துவிடுங்கள்.

இது என் தனிப்பட்ட கருத்து மட்டும் இல்லை. லீஆன் பிர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் சிறுமிகளின் சாப்பாட்டுப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தவர். 5 வயதில் எந்தச் சிறுமிகளுக்குத் தாய்மார் தின்பண்டத்தை அதிகமாகத் தடுத்தார்களோ, அவர்கள்தான் 9 வயதில் வயிறு நிறைந்த பிறகும் கிடைத்ததை அதிகமாகத் தின்றார்கள். தடுத்த பொருள் மேல்தான் கண் போகிறது. அது அடுத்து எப்போது கிடைக்கும் என்று தெரியாததால், கிடைக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 1944 நவம்பரில் ஆன்செல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனையைத் தொடங்கினார். உடலும் மனமும் நன்றாக இருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து, அதில் 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள். அவர்களுக்கு வேறு எந்த நினைப்பும் இல்லாமல் போனது. கனவிலும் சாப்பாடு, பேச்சிலும் சாப்பாடு. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகும், வயிறு வெடிக்கும் அளவு சாப்பிட்டுவிட்டு இன்னும் பசிக்கிறது என்றார்கள். வளர்ந்த ஆண்களுக்கே பட்டினி இதைச் செய்தது.

உங்கள் மகள் உங்கள் கண்ணெதிரே கொஞ்சமாகக் கொறித்துவிட்டு எழுந்துவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அவள் தட்டை நாலு கண்கள் அளக்கின்றன. இரண்டாம் முறை கேட்டால் யாராவது புருவத்தை உயர்த்துவார்கள். அதனால் அரைவயிற்றோடு எழுகிறாள். மாலையில் பள்ளியிலிருந்து வரும்போது அவளிடம் இரண்டு பசி இருக்கிறது: நாள் முழுக்கத் தேங்கிய வயிற்றுப் பசி ஒன்று, நாள் முழுக்கப் பேசாமல் இருந்த மனசின் பசி ஒன்று. இரண்டும் சேர்ந்து வரும்போது ஒரு பிஸ்கட்டோடு நிறுத்தப் பெரியவர்களாலும் முடியாது. வளரும் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளிலும் இதே கதைதான். எடை குறைப்பதற்காக வேளை தவறவிட்டவர்களுக்கும், பட்டினி கிடந்தவர்களுக்கும் சில ஆண்டுகள் கழித்து மற்றவர்களைவிட எடை அதிகமாகத்தான் கூடியிருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் வளரிளம் பருவத்தினர் டயட் இருப்பதை ஊக்குவிக்க வேண்டாம், வீட்டில் எடையைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள், குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றே சொல்லியிருக்கிறார்கள்.

பூட்டைத் திறந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் காலி செய்துவிடுவாளோ என்று உங்களுக்குப் பயமாக இருக்கும். முதல் ஓரிரு வாரம் நிறையவே சாப்பிடலாம். பதறாதீர்கள். அலமாரி நாளையும் திறந்திருக்கும் என்ற நம்பிக்கை அவளுக்கு வரும்வரை அது அப்படித்தான் இருக்கும். எலின் சாட்டர் என்ற ஊட்டச்சத்து நிபுணர் ஒரு பங்கீடு சொல்வார். எனக்குத் தெரிந்து பல குடும்பங்களுக்கு அது நிம்மதி கொடுத்திருக்கிறது. என்ன சமைப்பது, எப்போது, எங்கே சாப்பிடுவது என்பது பெற்றோர் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் பொறுப்பு. பிள்ளை வளர வளர மற்றவற்றிலும் அவளுக்குப் பங்கு கூடும். வீட்டில் எதை எவ்வளவு வாங்கி வைப்பது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது, அதில் கவனமாக இருங்கள். ஆனால் வாங்கி வைத்துவிட்டுப் பூட்ட வேண்டாம். காலையும் மதியமும் வயிறு நிறைய, மாலையில் பள்ளியிலிருந்து வந்ததும் ஒழுங்காக ஒரு சிற்றுண்டி, அதுவும் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முக்கியமான ஒன்று: இரண்டு பெண்களுக்கும் ஒரே சாப்பாடு. சின்னவளுக்குக் கொடுப்பதைப் பெரியவளுக்கு மறுப்பதை உடனே நிறுத்துங்கள். பெரியவள் அதைப் பண்டத்தின் கணக்காகப் பார்க்க மாட்டாள். யார் மேல் பாசம் அதிகம் என்பதற்கான கணக்காகவே அவள் மனதில் பதியும். ஒல்லியாக இருந்தால்தான் இந்த வீட்டில் கேட்டது கிடைக்கும் என்பதைச் சின்னவளும் கற்றுக்கொள்கிறாள். அவளுக்கும் நாளை 13 வயது வரும், அவள் இடுப்பும் அகலும். அப்போது அவள் படப்போகும் பயத்தை இப்போதே விதைக்க வேண்டாம்.

எடை பார்க்கும் ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். எடை மிஷினை அவள் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு மாதத்தில் சில நாள் உடம்பில் நீர் தேங்கி ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். அந்த ஒரு கிலோவுக்காக ஒரு பிள்ளை ஞாயிறு முழுக்கக் குற்றவாளி போல உட்கார்ந்திருக்க வேண்டுமா? தேவையான போது மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

அவள் அப்பாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். அவர் பாசத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் பட்டப்பெயர் செல்லமா குத்தலா என்பதைக் கூப்பிடுகிறவர் முடிவு செய்ய முடியாது. பள்ளியில் யாரோ சிரித்துக்கொண்டே சொன்ன அதே சொல்லை மாலையில் அப்பா வாயிலிருந்தும் கேட்கிற பிள்ளைக்கு வீடு வேறு, வெளி வேறு என்ற வித்தியாசம் இல்லாமல் போகிறது. “நீ அழுததை இப்பத்தான் புரிஞ்சுக்கிட்டேன், இனிமே அப்படிக் கூப்பிட மாட்டேன்” என்று அவர் ஒரு முறை நேராகச் சொன்னால் போதும். அப்பாவிடமிருந்து அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க ஏங்கிய பெண்களை நான் நாற்பது வயதிலும் சந்திக்கிறேன்.

இனி, நீங்கள் அவளிடம் எப்படிப் பேசுவது? எதிரே உட்கார வைத்து, “உன்கிட்ட கொஞ்சம் பேசணும்” என்று தொடங்காதீர்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு நேருக்கு நேர் பார்த்துப் பேசுவதே ஒரு விசாரணை. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது பேச்சு வரும்: துணி மடிக்கும்போது, நடக்கும்போது, விளக்கை அணைத்த பிறகு. முதலில் நீங்கள் மன்னிப்புக் கேளுங்கள். சுருக்கமாக: “அலமாரியைப் பூட்டினது தப்பு. உன் பெட்டியத் திறந்து பார்த்ததும் உனக்கு எவ்வளவு அவமானமா இருந்திருக்கும்னு நான் யோசிக்கல. பயத்துல செஞ்சேன்.” இதோடு நிறுத்துங்கள். ‘ஆனால்’ என்று ஒரு சொல் சேர்த்தாலும் மன்னிப்பு வீணாகிவிடும். அவள் பதில் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். பரவாயில்லை. கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

அடுத்த சில வாரங்களுக்குச் சாப்பாடு, எடை இரண்டையும் பற்றிய பேச்சே வேண்டாம். புதுப் பள்ளியைப் பற்றிக் கேளுங்கள். “ஏன் யாரோடும் பழக மாட்டேங்கிற” என்று கேட்டால் அது குற்றச்சாட்டு. “மத்தியான இடைவேளையில யார் பக்கத்துல உட்காருவ?” என்று கேட்டால் அது கேள்வி. ஒருவேளை அவள், “யாரும் இல்ல, தனியாத்தான்” என்று சொல்லலாம். அந்த நிமிடத்தில் உங்களுக்கு நெஞ்சு பதறும். உடனே யோசனை சொல்லத் தோன்றும், ஆசிரியரைக் கூப்பிடத் தோன்றும், ‘இதெல்லாம் பெரிய விஷயமா’ என்று தேற்றத் தோன்றும். எதையும் செய்யாதீர்கள். “தினமும் தனியாவா? ரொம்பக் கஷ்டமா இருந்திருக்குமே” என்று மட்டும் சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருங்கள். அவள் அழுதால் அழட்டும். அந்த அழுகை வெளியே வர எத்தனை நாள் காத்திருந்ததோ. கேலி பெரிதாக நடக்கிறது என்று தெரிந்தால் பள்ளியில் பேசத்தான் வேண்டும், ஆனால் அவளைக் கேட்டுக்கொண்டு, அவளோடு சேர்ந்து முடிவு செய்து பேசுங்கள்.

கொஞ்சம் நம்பிக்கை திரும்பிய பிறகு, அவளாக விரும்பினால், ஒரு சின்ன விஷயத்தைக் கற்றுக்கொடுக்கலாம். வயிற்றுப் பசி மெதுவாக ஏறும், எதைக் கொடுத்தாலும் ஏற்கும், நிறைந்ததும் அடங்கும். மனசின் பசி சட்டென்று வரும், குறிப்பிட்ட ஒரு பண்டத்தைத்தான் கேட்கும், வயிறு நிறைந்தாலும் போகாது. கை அலமாரிப் பக்கம் போகும்போது ‘இப்போது எனக்குப் பசியா, கோபமா, தனிமையா, தூக்கமா?’ என்று ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டால் போதும். அதன் பிறகும் சாப்பிடத் தோன்றினால் சாப்பிடட்டும், உட்கார்ந்து, தட்டில் போட்டு, வெளிச்சத்தில். இதை நீங்கள் பக்கத்தில் நின்று, “இது பசியா, மனசா?” என்று கேட்கும் கருவியாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். அது பூட்டின் இன்னொரு வடிவம்.

கூடவே ஆறுதலுக்கு வேறு வழிகளும் அவள் கையில் இருக்க வேண்டும். பாட்டு, படம் வரைவது, பழைய பள்ளித் தோழியோடு போனில் அரைமணி நேரம், கதவைச் சாத்திக்கொண்டு அழுவது, எதுவானாலும் சரி. அந்தப் பழைய தோழியை வீட்டுக்கு அழைக்க முடியுமா என்று பாருங்கள். விளையாட்டோ நடனமோ அவளுக்குப் பிடித்திருந்தால் அனுப்புங்கள், ஆனால் தின்றதற்குத் தண்டனையாக ஓட வைக்காதீர்கள். தூக்கத்தையும் கவனியுங்கள், இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடும், இனிப்பு தேடும்.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. 1995-இல் பிஜித் தீவின் ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற மனநல மருத்துவர் அங்கே பள்ளிப் பெண்களிடம் அப்போதும், மூன்று ஆண்டு கழித்தும் கேட்டார். முதல் முறை எடை குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. 1998-இல் நூற்றுக்குப் பதினொரு பேர் சொன்னார்கள். உடம்பு நன்றாக, வாட்டசாட்டமாக இருப்பதைப் பாராட்டுகிற ஊர் அது. சில தொடர்களைப் பார்த்ததற்கே அப்படி என்றால், நாள் முழுக்க உள்ளங்கையில் ஒல்லியான உடம்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளின் நிலையை நினைத்துப் பாருங்கள். பிடுங்கி வைக்கச் சொல்லவில்லை. அவளோடு உட்கார்ந்து என்ன பார்க்கிறாள் என்று சேர்ந்து பாருங்கள்.

வீட்டில் செய்வது மட்டும் போதாத நிலையும் உண்டு. சாப்பிட்ட உடனே குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிறாளா, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொள்கிறாளா, விரல் முட்டியில் காய்ப்போ காயமோ இருக்கிறதா, பேதி மாத்திரை ஏதாவது கண்ணில் படுகிறதா, மயக்கம் வருகிறதா, மாதவிடாய் நின்றிருக்கிறதா? தின்றதை வேண்டுமென்றே வாந்தியாகவோ பேதியாகவோ வெளியேற்றுவதன், இல்லை பட்டினி கிடப்பதன் அடையாளங்களாக இவை இருக்கலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பையே பாதிக்கும். வாந்தி இல்லாவிட்டாலும், நிறுத்த முடியாமல் வேகவேகமாக ஏராளமாகத் தின்பது வாரம் ஒரு முறையாவது மூன்று மாதமாக நடந்து, அதற்காக அவள் தன்னையே வெறுக்கிறாள் என்றால், அது பிஞ்ச் ஈட்டிங் என்ற நோயாக இருக்கலாம். 2013-இலிருந்து மனநல மருத்துவத்தில் இதற்குத் தனி நோய் என்ற இடம் உண்டு. பேச்சு வழிச் சிகிச்சையில் நன்றாகக் குணமாகும். கையைக் கீறிக்கொள்வது, சாவைப் பற்றிப் பேசுவது தெரிந்தால் அன்றே மனநல மருத்துவரிடம் போங்கள்.

இதையும் எழுதாமல் விட முடியவில்லை. திடீரென்று உடம்பை மறைக்கத் தொடங்கி, குறிப்பிட்ட ஒருவரைப் பார்த்தால் ஒதுங்கி, சாப்பாட்டில் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகளில் சிலருக்கு யாரோ தகாத முறையில் நடந்துகொண்டிருப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி என்று நான் சொல்லவில்லை. “யாராவது உன்னை சங்கடப்படுத்தினா என்கிட்ட சொல்லு, நான் உன்னைத் திட்ட மாட்டேன், உன்னை நம்புவேன்” என்று ஒரு முறையாவது அவள் காதில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு தாயும் சொல்ல வேண்டியது இது.

கடைசியாக உங்களைப் பற்றி. நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போன விஷயம்: நானும் அந்த வயதில் கேலிப்பட்டவள். உங்களை யார் கேலி செய்தார்கள்? அன்று வீட்டுக்கு வந்ததும் யாரிடம் சொன்னீர்கள்? உங்கள் அம்மா என்ன செய்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறீர்கள்? இந்தக் கேள்விகளுக்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம், ஒரு நோட்டில் உங்களுக்காகவே எழுதிப் பாருங்கள். பூட்டைப் போட்ட கை, அந்தப் பழைய 14 வயதுப் பெண்ணுடைய கை என்றுதான் எனக்குப் படுகிறது. அவளுக்கு இன்னும் பயம் தீரவில்லை. கண்ணாடி முன் நின்று உங்கள் வயிற்றைப் பிடித்துப் பார்த்துச் சலித்துக்கொள்வது, ‘நான் ரெண்டு வாய் போதும்’ என்று தட்டைத் தள்ளுவது, இவையெல்லாம் உங்களிடம் இருந்தால் மகள் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். என்றாவது ஓர் இரவு, விளக்கணைத்த பிறகு, உங்களைக் கேலி செய்த கதையை அவளிடம் சொல்லுங்கள். அறிவுரை எதுவும் சேர்க்காமல், நடந்ததை மட்டும். தன் அம்மாவுக்கும் இதே வலி தெரியும் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

இந்தப் பதிலை அவளிடம் படித்துக் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். தன் பென்சில் பெட்டி ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக் குறுகிப் போவாள். முதலில் அலமாரி திறக்கட்டும், அப்பா பேசட்டும், நீங்கள் பேசுங்கள். பின்னால் ஒரு நாள், இப்படி ஒரு கடிதம் எழுதினேன், படிக்கிறாயா என்று அவளிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இரண்டு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். எடை எவ்வளவு என்று எழுத வேண்டியதில்லை. பிஸ்கட் உறைகள் உங்கள் வீட்டுக் குப்பைக் கூடைக்கு வர ஆரம்பித்துவிட்டனவா, அதை மட்டும் சொல்லுங்கள்.